மாலையைக் கழற்றிய மாலை

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவரின் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் குடியும் கல்லீரலும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் கல்லீரலைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கணவரைப் பற்றி, தம்பியைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, கள்ளைப் பற்றி, களியைப் பற்றி, கடைசியில் என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயர்களை நீக்கிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

என் கணவர் லாரி ஓட்டுநர். ஆண்டுதோறும் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். அந்த நாற்பத்தெட்டு நாளும் எங்கள் வீடு வீடாக இருக்கும். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுத்துவிடு என்று என் நாத்தனார் சொல்கிறார். கொடுக்கலாமா ஐயா?
*வாசகி, பாலக்கோடு*

கொடுக்கக் கூடாது அம்மா. உங்கள் நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதன் பெயர் டைசல்பிராம். நாம் குடிக்கும் மதுவை உடல் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றி, பிறகு அந்த நச்சையும் உடைத்துத் தீங்கற்றதாக்குகிறது. இந்த மாத்திரை இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுவதால், குடித்த சிறிது நேரத்தில் நச்சு இரத்தத்தில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழுவார். இதயக் கோளாறு உள்ளவராக இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரக்கூடும். தாமே அறிந்து, சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவருக்கு ‘குடித்தால் இப்படி ஆகும்’ என்ற அச்சமே ஒரு வேலியாக நின்று உதவுகிறது. தெரியாமல் விழுங்கியவருக்கோ வேலி இருப்பதே தெரியாது. வழியில் எங்கோ ஒரு கட்டிங் போட்டுவிட்டுத் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்கும்போது அவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதைவிடப் பெரியது. நாற்பத்தெட்டு நாள் குடிக்காமல் இருக்க முடிந்தவரால் நாற்பத்தொன்பதாம் நாள் ஏன் முடியவில்லை? சாமிக்குப் பயந்துதான் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான் என்றாலும், அந்த மண்டலத்தில் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிக்கிறார். கழுத்தில் மணியும் இடுப்பில் கறுப்பு வேட்டியும் இருப்பதால், குடிக்கக் கூப்பிடும் கூட்டாளிகள் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிறார்கள். ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் ‘சாமி’ என்கிறார்கள். மாலை ஆறரை மணிக்குப் பஜனை இருக்கிறது, அங்கே அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மணியைக் கழற்றும் நாளில் கழுத்திலிருந்து இறங்குவது மணி மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் எழும் நேரம், கூப்பிடும் பெயர், சேரும் கூட்டம், மாலைப் பொழுதுக்கு ஒரு வேலை என எல்லாம் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன. அன்று ஆறரை மணிக்கு அவருக்குப் போக்கிடம் வேறில்லை.

ஆகவே மாலையைக் கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவர் நிதானமாக இருக்கும் அந்த நாட்களிலேயே, உட்கார்ந்து பேசுங்கள். ‘இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்று கேட்க வேண்டாம். சத்தியத்தை அவர் பலமுறை செய்தாகிவிட்டது. ‘திங்கட்கிழமை ஆறரை மணிக்கு எங்கே இருக்கப் போகிறாய், யாரோடு இருக்கப் போகிறாய்’ என்று கேளுங்கள். பஜனைக் குழுவின் குருசாமியிடம் நீங்களே போய், வாரத்தில் இரண்டு நாளாவது இவரை ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்த பிறகு எது பொருந்தும் என்று அங்கே முடிவு செய்வார்கள். குடியிலிருந்து மீண்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை மாலை வேளையில் நடப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் ஓர் எச்சரிக்கை. இதை மாலை போடும் எல்லா வீடுகளுக்கும் சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் ஒரே நாளில் நிறுத்தும்போது உடல் திடுக்கிடுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் கார்த்திகை முதல் வாரத்தில் இப்படி யாராவது ஒருவர் கறுப்பு வேட்டியோடு வார்டுக்கு வராத ஆண்டு இல்லை. விரதத்தில் ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோய், இரண்டு நாளை வீணாக்கி, பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். அது சாமிக் குற்றம் இல்லை. படிப்படியாகக் குறைத்துத் தரும் மாத்திரைகளாலும் வைட்டமின் பி1 ஊசியாலும் குணப்படுத்தக் கூடிய நிலை அது. கவனிக்காமல் விட்டால் உயிரைக் குடிக்கும். காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரக் குடிப்பவராக இருந்தால், மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது 31. சனிக்கிழமை இரவு மட்டும், அதுவும் பீர் மட்டும், இரண்டு பாட்டில். மற்ற நாட்களில் தொடுவதே இல்லை. உடற்பயிற்சிக்கூடத்துக்கும் போகிறேன். எனக்கு எதற்கு அறிவுரை என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*வாசகர், ஓசூர்*

அறிவுரை வேண்டாம் தம்பி, கணக்குப் போடுவோம். நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். 180 மில்லி குவாட்டரில் அது 77 மில்லி; எடையில் சுமார் 61 கிராம். நீங்கள் குடிப்பது எட்டு விழுக்காட்டு ஸ்ட்ராங் பீர் என்றால், 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம், இரண்டு பாட்டிலில் 82 கிராம். குவாட்டர் அடிக்கும் மனிதரைப் பார்த்து ‘நான் பீர்தானே’ என்று ஆறுதல்பட்டுக்கொள்ளும் நீங்கள், அவரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் குடிக்கிறீர்கள். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் போனால் அதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்ற கணக்கில் சேர்க்கிறது.

கல்லீரல் அவசரப்படாது. மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் அதன் வேகம். எலுமிச்சைச் சாறும் கட்டங்காப்பியும் குளிர்ந்த நீர்க் குளியலும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. தூக்கக் கலக்கம் மட்டும் கொஞ்சம் போகும். இரவு பதினோரு மணிக்கு முடித்தீர்கள் என்றால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உடலுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருப்பதாகக் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். காலை ஐந்தரை மணிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டியை முறுக்கும்போது உங்கள் இரத்தத்தில் சட்டம் அனுமதிக்கும் அளவான 100 மில்லிக்கு 30 மில்லிகிராமை விட அதிகமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நீங்கள் நிதானமாக இருப்பதாகத்தான் உணர்வீர்கள்.

மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில், புகையிலையோடு ஒரே வரிசையில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. ஆனாலும் வாரம் ஒருமுறை குடிக்கும் எல்லாரும் அடிமையாகிவிடுவார்கள் என்று உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அது உண்மையும் இல்லை. மருத்துவர்கள் கேட்கும் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? பிறகு குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் கவனிக்க வேண்டும். மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதிய தொனியைப் பார்த்தால், இரண்டாவது கேள்விக்கு விடை ஏற்கெனவே கடிதத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அடுத்த நான்கு சனிக்கிழமைகளைக் குடிக்காமல் கழித்துப் பாருங்கள். எளிதாகக் கழிந்தால் நல்லது. கழியாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கள் உணவின் ஒரு பகுதி என்கிறார்கள். நம் தகடூர் அதியமானே ஔவையோடு கள் பகிர்ந்து குடித்ததாகப் புறநானூற்றில் இருக்கிறதே. இதற்கு உங்கள் மருத்துவம் என்ன சொல்கிறது?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்*

ஐயா, இருக்கிறது. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய அந்தக் கையறுநிலைப் பாட்டைப் படித்துக் கண் கலங்காதவர் குறைவு. கொஞ்சம் கள் கிடைத்தால் முழுவதையும் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அந்த அம்மை சொல்வது அவனுடைய ஈகையைப் பற்றித்தான். அதே அதியமான்தான் அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், ‘நீ சாகாமல் இரு’ என்று ஔவைக்குக் கொடுத்தவன். சங்கப் பாட்டில் கள் மணக்கிறது. அதற்குப் பின்வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இரண்டும் நம்முடையவைதான் என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவம் சொல்வது சிறிது. பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் நொதிகள் வேலை செய்து, சில மணி நேரத்தில் பீரை ஒத்த ஆல்கஹால் அதில் சேர்ந்துவிடும். புளிப்பு ஏறும்போது கொஞ்சம் பி வகை வைட்டமின் சேர்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வைட்டமினுக்காகக் கள் குடித்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பதநீர் கிடைத்தால் எனக்கும் ஒரு சொம்பு சொல்லி வையுங்கள்.

மதுக்கடைகளை மூடிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? ராஜாஜி நம் மண்ணில்தானே மதுவிலக்கைத் தொடங்கினார்?
*வாசகர், சூளகிரி*

ஆம், உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் அவர். சென்னை மாகாணப் பிரதமராக இருந்து, 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்தச் சேலத்துக்குள்தான் இருந்தன. தருமபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி தனியானது 2004இல். சாராய வருமானம் போனால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து அதற்கு ஈடு செய்தார். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டதிலிருந்து நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்தது.

கடை பக்கத்தில் இருந்தால் குடி கூடும், தொலைவில் இருந்தால் குறையும். இதில் எனக்கு ஐயமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் பக்கத்தில் கடை இருப்பதை ஏற்றுக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் குடிக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை தராமல் கடையை மட்டும் மூடினால், அவர் எதைத் தேடிப் போவார் என்பதையும் இந்த எல்லைப் பகுதி பார்த்திருக்கிறது. 2008 மே மாதம் கர்நாடக எல்லையின் இரு பக்கமும் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களும் அதில் இருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மறுபடியும் அது நடந்தது. கொன்றது மெத்தனால். ருசியிலும் மணத்திலும் வழக்கமான சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போய்ப் பல மணி நேரம் கழித்து அது பார்மிக் அமிலமாக மாறும்போதுதான் கண் மங்கும், மூச்சு வாங்கும், வயிறு பிசையும். ‘கண்ணில் மூட்டம் தெரிகிறது’ என்று சொன்னால் அதைப் போதை என்று எண்ணித் தூங்க வைக்காமல், அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும். நேரத்தோடு வந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் பார்வையையும் காப்பாற்றக்கூடும்.

எனக்கு 63 வயது. முப்பது ஆண்டு குடித்தேன். பேரன் பிறந்த அன்று விட்டு நான்கு மாதம் ஆகிறது. ஆனால் தூக்கம் வரவில்லை. இனிப்பாகத் தின்னத் தோன்றுகிறது. ஒரு நாளைக்குப் பத்து டீ ஆகிவிடுகிறது. சாயங்காலமானால் என்ன செய்வதென்று தெரியவில்லை. முழங்கால் வேறு வலிக்கிறது. இன்னும் இருபது வருடமாவது இருந்து பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
*வாசகர், பென்னாகரம்*

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுப் பழக்கத்தை விட்டவர், விட்டதைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு, டீயைப் பற்றி வருத்தப்படுகிறார்.

முதலில் தூக்கம். குடித்துத் தூங்கிய தூக்கம் பாதி மயக்கம். மூளை அதற்குப் பழகிப்போய், இயல்பான தூக்கத்தை மறுபடி கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. நான்காவது மாதத்தில் தூக்கம் சீராகாமல் இருப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. இதற்காகத் தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதையாகிவிடும். பத்து டீயை நான்காகக் குறைத்து, கடைசி டீயை மூன்று மணிக்கு முன்பே முடித்துக்கொண்டால் பாதி வித்தியாசம் இரண்டு வாரத்தில் தெரியும். ஒவ்வொரு டீயிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் பத்து டீயில் இருபது கரண்டி. குடியை விட்டவர்களுக்கு இனிப்பின் மேல் ஆசை வருவது இயல்புதான் என்றாலும், அந்த ஆசைக்குக் கொய்யாவையும் வேர்க்கடலையையும் கொடுத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக் காலம் வந்தால் ஒரு நாளைக்குப் பாதிப் பழம். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

முழங்கால் வலிக்கு வயதுதான் காரணம் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நம் இரு மாவட்டங்களிலும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சிறு வயதில் அதைக் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை. பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது இதற்காகத்தான். உங்கள் தெருக்குழாயில் அந்த நீர் வருகிறது என்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் போதும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. புளோரைடோ ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். தேயிலையிலும் புளோரைடு உண்டு என்பதால், உங்கள் பத்து டீக்கு எதிராக இன்னொரு சாட்சியும் சேர்கிறது.

உணவில் நம் ஊர்க் களியைவிட நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் களி என்றால் சர்க்கரை நோய் வராது, எத்தனை உருண்டையும் உள்ளே தள்ளலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதுவும் மாவுச்சத்துதான். உங்கள் வயதுக்கு ஒரு வேளைக்கு ஓர் உருண்டை, அதைவிடப் பெரிய அளவில் கீரைக் கடைசல் அல்லது கொள்ளுக் குழம்பு என்று தட்டின் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாயும் கருவாடும் அந்தக் கரண்டியைச் சத்தமில்லாமல் நிரப்பிவிடும். மாதம் ஒருமுறை இரத்த அழுத்தம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள்.

சாயங்காலத்துக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாக உங்கள் கால்கள் ஆறு மணிக்கு ஒரு திசையில் நடந்து பழகியிருக்கின்றன. அவற்றை உட்கார வைத்தால் கேட்காது. வேறு திசையில் நடக்க வைக்க வேண்டும். ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். கடை இல்லாத பாதையாகப் பார்த்து அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்குமளவு, ஆனால் பேச முடியுமளவு நடங்கள். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிறது, உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் அதைத்தான். திரும்பி வந்ததும் குளித்துவிட்டு, ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் குடிக்கும் வேட்கை குறைகிறது என்பது என் நோயாளிகள் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதையும் மீறி வேட்கை வந்தால், அது அலை மாதிரிதான் வரும். இருபது, முப்பது நிமிடத்தில் தானே இறங்கிவிடும். அந்த அரை மணிக்கு ஒரு வேலையை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். என்னிடம் வந்த ஒருவர் அந்த நேரத்துக்கென்றே வீட்டிலுள்ள வெங்காயத்தை எல்லாம் உரித்து வைப்பார். அவர் மனைவிக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் வீட்டில்தான் பேரன் இருக்கிறானே. மாலையில் அவன் அழுதால் நீங்களே தூக்கிக்கொள்ளுங்கள். தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நடங்கள், மருமகளும் கொஞ்சம் உட்காரட்டும்.

அப்பா குடியால்தான் இறந்தார். இப்போது பதினேழு வயதுத் தம்பியின் சட்டையில் அந்த வாடை வருகிறது. இது இரத்தத்திலேயே வருவதா?
*கல்லூரி மாணவி, அரூர்*

பாதி வரும், மகளே. குடிக்கு அடிமையாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதியை மரபணுவும் மீதியை வளர்ப்பும் சேர்க்கையும் வாய்ப்பும் தீர்மானிக்கின்றன என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவுக்கு இருந்தது என்பதற்காக உன் தம்பிக்கும் உனக்கும் அது எழுதி வைக்கப்பட்டதில்லை; ஆனால் மற்றவர்கள் விளையாட்டாகக் குடிப்பதுபோல் நீங்கள் இருவரும் விளையாட முடியாது. இளம் வயதில் தொடங்குபவர்களுக்கே பிற்காலத்தில் ஆபத்து அதிகம் என்பதால், இப்போது பேசுவது சரியான நேரம்.

சட்டையை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் நீட்டாதே. அவன் குடிக்காமல் இருக்கும் ஒரு காலை வேளையில், தனியாக, ‘அப்பாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று உன் பயத்தைச் சொல். அவனுடைய தப்பைச் சொல்ல வேண்டாம். அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் அது அவன் காதில் விழுந்திருக்கும். உனக்கே பேச யாராவது வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமனஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கான உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் குடித்தால் மற்றவர்களும் நோயாளிகள்போல் ஆகிவிடுகிறார்கள். நீயும் சாப்பிட்டு, தூங்கி, தேர்வு எழுத வேண்டியவள்.

எங்களுக்கெல்லாம் இவ்வளவு சொல்கிறீர்களே டாக்டர், நீங்கள் குடித்ததே இல்லையா?
*வாசகர், காரிமங்கலம்*

குடித்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் தொடங்கி நாற்பத்திரண்டு வயது வரை, மாதத்தில் மூன்று நான்கு முறை, நண்பர்களோடு. விட்டதற்கு வீரக்கதை எதுவும் கிடையாது. ஒருநாள் வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டம் குறைந்தபோது, செவிலியர் ஒருவர் விளையாட்டாக என் கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். 156க்கு 100. அவர் ஒன்றும் சொல்லாமல் அதே பட்டையை மறுபடி கட்டிப் பார்த்தார், அதே எண். மாத்திரை சாப்பிட எனக்குச் சோம்பல். உப்பையும் குடியையும் விட்டால் அழுத்தம் இறங்கும் என்று நோயாளிகளிடம் சொல்லி வந்ததை ஆறு வாரம் எனக்கே செய்து பார்க்கலாம் என்று தொடங்கினேன். 134க்கு 86க்கு இறங்கியது. எல்லாருக்கும் இப்படி மாத்திரை இல்லாமல் இறங்கிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கும் மாத்திரை வந்துவிட்டது.

அந்த நண்பர்களில் மூன்று பேர் இன்னும் கூடுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன். எனக்கு ஒரு சொம்பு மோர் வைத்துவிடுவார்கள். பத்து மணிக்கு மூவரையும் வண்டியில் ஏற்றி அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது இப்போது என் வேலை. மூன்று வீட்டம்மாக்களும் என்னிடம் மட்டும் சிரித்துப் பேசுகிறார்கள்.